மாசி மாதப் பயணிகளுக்கு ஒரு முன்னுரை

ஹாலந்து என்று சொல்லாதீர்கள்.
பன்னிரண்டு மாகாணங்களில் இரண்டுக்கு மட்டும் அந்தப் பெயர்.
நாடு, நெதர்லாந்து. தாழ்ந்த நிலம் என்று பொருள்.

இந்த வரிகளோடு தொடங்கி
திருத்துறைப்பூண்டி அம்சா டிராவல்ஸின் பின்னறையில்
ஒன்பது விவசாயிகளுக்குக் கையேடு தட்டச்சு செய்கிறேன்.
நான் போகவில்லை.
வடக்கே காரைக்கால் வரை போயிருக்கிறேன்,
பல்வலிக்கு.

முதலாளிக்கு அட்டையில் டுலிப் வேண்டும்.
சம்பா அறுத்த கையோடு கிளம்புகிறவர்களுக்கு
டுலிப் மண்ணுக்குள் கிழங்காகத்தான் இருக்கும் என்றேன்.
"படத்துலயாச்சும் பூக்கட்டுமே."

பழைய காற்றாலைகளைப் பார்த்ததும்
ஆரல்வாய்மொழி என்று கூவாதீர்கள்.
அவற்றில் பல, மின்சாரம் தர வந்தவை அல்ல.
வயலின் நீரை இறைத்து
வெளியே கொட்ட வந்தவை.

இங்கே பக்கிரிசாமி நிறுத்தச் சொன்னார்.
முப்பத்தோரு வருடம் ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கர்,
முழங்கை இன்னும் கிரீஸ் மணக்கிறது.
"அங்க கடைமடைக்கு எப்பத் தங்கச்சி தண்ணி வரும்?"

வராமல் இருக்கத்தான் அண்ணே
அத்தனை ஏற்பாடும் என்றேன்.
நிலம் கடலுக்குக் கீழே கிடக்கிறது,
சில இடத்தில் ஒரு தென்னை உயரம் கீழே.
அவர் சுவரில் மேட்டூர் அளவு எழுதிய
காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"கொட்டற தண்ணிய
யாரும் கேக்கலியா?"

தெற்கே லிம்பர்க்கில் ஒரு மலை உண்டு,
உயரம் முந்நூற்று இருபத்திரண்டு மீட்டர்.
சிரிக்க வேண்டாம்.
நம்மிடம் அதுவும் இல்லை,
நெல் மூட்டை அடுக்கினால்தான் மேடு.

ஃப்ரீஸ்லாந்தில் வேறு மொழி.
ஊர்ப் பலகையில் இரண்டு பெயர் இருக்கும்;
எது மேலே என்பதைக் கவனியுங்கள்,
அங்கும் அதற்குச் சண்டை நடந்திருக்கும்.

ஸேலாந்து: தீவுகள், மட்டி, நண்டு.
ஓர் இரவில் கடல் உள்ளே வந்து
ஆயிரத்து எண்ணூறு பேரைக் கொண்டுபோனது.
அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய கதவுகள்.
நாகூர் ஜெகபர் நாச்சியா
இந்தப் பத்தியை மட்டும்
தனியாக ஒரு தாளில் கேட்டு வாங்கி
பர்ஸில் மடித்து வைத்தார்.
ஏன் என்று அறையில் யாரும் கேட்கவில்லை.

குரோனிங்கன் வடக்கு ஓரம்.
மண்ணுக்கடியில் வாயு எடுத்தார்கள்.
அறுபது வருடம்.
தரை நடுங்கியது, வீட்டுச் சுவர் விரிந்தது,
சனங்கள் விடவில்லை,
இப்போது மூடிவிட்டார்கள்.
"உரக்கப் படி" என்றார் உப்பிலி.
படித்தேன்.
"இன்னொரு தரம்."

நீர் வாரியம் என்று ஒன்று இருக்கிறது.
வாய்க்காலுக்கும் கரைக்கும் மட்டும்
தனித் தேர்தல், தனி வரி.
வரி என்றதும் நாலு பேர் டீ குடிக்கப் போனார்கள்.

கடைசியாக ஃப்ளெவோலாந்து.
போன நூற்றாண்டில் அது கடலடி.
உழும்போது இன்றும்
கப்பலின் விலா எலும்பு தட்டுப்படுமாம்.
உருளைக்கிழங்கு நன்றாக விளையும்.
உப்பு எப்படிப் போச்சு என்று
கோடியக்காட்டு சவுரியம்மாள் கேட்டார்.
கஜாவுக்குப் பிறகு அவர் கிணற்று நீரில்
பருப்பு வேகவில்லை.
மழை கழுவியது, குழாய் வடித்தது,
முதலில் நாணல் விதைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது.
எத்தனை வருடம் என்று
எழுதியவர் சொல்லவில்லை.
போய்க் கேட்டு வாருங்கள் என்று
அந்த இடத்தில் கோடு விட்டிருக்கிறேன்.

அவர்கள் எழுந்து போகும்போது பக்கிரிசாமி
"அந்த ஊராளு இங்க வந்தா
நீ என்னான்னு எழுதிக் குடுப்பே?"

இரவு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்:
ஓர் ஆறு முப்பது பெயராகப் பிரியும் நாடு இது.
தண்ணீரின் தேதி அச்சாகியிருக்கும்,
தண்ணீரைப் பற்றி லஸ்கரிடம் விசாரிக்கவும்.
அழித்துவிட்டேன்.

ஒன்பது பிரதி எடுத்தேன்.
மை தீர்கிற நேரம்.
ஃப்ளெவோலாந்து மட்டும்
ஒன்பதிலும் வெளிறி வந்தது,
இன்னும் முழுக்கக் காயாத மாதிரி.